சம்மதம் சொல்ல வேண்டியவன்

நீங்கள் கேட்டது தவறன்று, ஐயா. எழுந்து வேறு இருக்கைக்குப் போக வேண்டாம், உட்காருங்கள். நான் சினந்துகொள்ளவில்லை. வந்தவாசிப் பேருந்து நிலைய வாசலில் அந்தப் பேனரைப் பார்த்தீர்கள். வெள்ளைப் புடவையில் ஒரு மூதாட்டி. மேலே ‘சல்லேகனை நோன்பு’ என்று கொட்டை எழுத்து. கீழே ‘தரிசிக்க வாரீர்’. பார்த்த வேகத்தில், “பட்டினி கெடந்து சாவறதுக்குப் பேனர் வேறயா! தற்கொலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அந்த மூதாட்டியின் தம்பி என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆம். என் உடன்பிறந்த அக்காள். நேமாவதி என்று பெயர். இப்போது அவளிடம்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு சமயத்தைப் பார்த்து வெளியார் ஒருவர் வினா எழுப்பினால், விடை சொல்வதுதான் அந்தச் சமயத்துக்கும் மரியாதை, அவருக்கும் மரியாதை. முகத்தைச் சுளிப்பவன் தன் நம்பிக்கையின் மீதே ஐயம் கொண்டவன். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் இதைச் சொல்லி வந்திருக்கிறேன். நான் தமிழாசிரியன், ஓய்வு பெற்றவன். நாக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. இப்படித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையில் மருந்துக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. நோயும் சாவும் உங்களுக்குப் பழக்கப்பட்டவையாக இருக்கும். அதனால் சொல்கிறேன்.

நாங்கள் தமிழ்ச் சமணர். வடக்கேயிருந்து வந்து நகைக்கடை வைத்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தப் பக்கத்து மண்ணிலேயே பிறந்து, நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைத்தவர்கள். வெளியார் எங்களை நயினார் என்பார்கள். உடம்பு இனி அறம் செய்யப் பயன்படாது, நோய்க்குத் தீர்வு இல்லை என்ற நிலை வந்தால், எங்களில் ஒருவர் உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிறகு நீரையும் விட்டு, அமைதியாக உடம்பை விடலாம். அதுதான் சல்லேகனை. சாவை விரும்பக் கூடாது. வாழ்வையும் விரும்பக் கூடாது. துயரத்தாலோ கோபத்தாலோ ஏற்கக் கூடாது. இளைஞனாக இருந்தபோது ஒரு முனிவர் அவ்வாறு உடம்பை விட்டதை அருகில் இருந்து பார்த்தேன். அவர் முகத்தில் நான் கண்டதற்குச் சாவு என்று பெயர் சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. அதை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் பேனரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் நீங்கள் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் கேள்வி நியாயமானதுதான். நீதிமன்றத்துக்கும் போன கேள்வி அது.

இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் மாசிலாமணி. தபால் அலுவலகத்தில் இருந்தவர்; கறுப்புச் சட்டை; கடவுள் இல்லை என்பவர். எங்கள் சமயமும் உலகைப் படைத்த கடவுள் இல்லை என்றுதான் சொல்கிறது என்றேன். “அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிதான் வாத்தியாரே, நீங்க மட்டும் ராத்திரி சாப்பாட்ட விட்டுட்டீங்க” என்றார். நாங்கள் கதிர் மறைந்தபின் உண்பதில்லை, அதைச் சொன்னார். அன்று தொடங்கிய நட்பு. நூலக வராந்தாவில் ஞாயிறுதோறும் விவாதிப்போம். எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. எதிராளியின் கொள்கையை மறுக்கும் முன், அதை அவரே தலையாட்டி ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை. மாசிலாமணி ஒருமுறை சல்லேகனையை எடுத்துச் சொன்னதைக் கேட்டு, எங்கள் கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாசிலாமணி அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். “யாரும் கேக்க நாதியில்லாத கெழவிங்களுக்கு நீங்க வெச்சிருக்கிற அழகான பேரு இது” என்றார். நான் அதற்கு எங்கள் கோயிலான ஜினாலயத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றி விடை சொன்னேன். சிறு நூலாகவும் வந்தது. எங்கள் ஊரான விளாங்குன்றத்தில் அதைப் படிக்காதவர் இல்லை. அக்காளும் படித்திருக்கிறாள்.

அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தாள். ஆனால் ஒருமுறை கேட்டால் அப்படியே ஒப்பிப்பாள். என் மாணவர்களில்கூட அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை. கணவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. விளாங்குன்றத்தில் மகன் ஸ்ரீபாலனோடு இருக்கிறாள். அவன் அரிசி ஆலையில் மேலாளர். மருமகள் சுனந்தா ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. நல்ல பெண், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

இந்தத் தை மாதத்தில் அக்காளுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டன என்றார் மருத்துவர். டயாலிசிஸ் செய்ய வேண்டும், வாரத்தில் இருமுறையாவது வந்தவாசிக்கு அழைத்து வர வேண்டும் என்றார். நீங்கள் தலையாட்டுகிறீர்கள்; உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளாங்குன்றத்தில் பேருந்து எப்போது வரும் என்பது அதை ஓட்டுபவருக்கே தெரியாது. ஸ்ரீபாலனுக்கு ஆலையில் விடுப்பு இல்லை. சுனந்தா தன் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் அக்காள் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவாசியில் தனியாகத்தான் இருக்கிறேன். மனைவி இல்லை. அக்காள் வந்தால் மனத்துக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அவள் பேச்சு ஓரிடத்தில் நிற்காது. அதுதான் சிறு குறை. நான் ஒரு பாடலுக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில், “தம்பி, அந்த ஆஸ்பத்திரி ஒன் தெரு மொனையிலதான இருக்குது?” என்றாள். ஆம், நூறடிகூட இராது என்றேன். “ஒங் கீழ் ரூம்பு சும்மாத்தானே கெடக்குது?” என்றாள். சும்மா இல்லை அக்கா, நூல்கள் இருக்கின்றன என்று கதவைத் திறந்து காட்டினேன். அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். “எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கே” என்றாள். அவள் அப்படிப் பாராட்டியதில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சற்று நேரம் வாசற்படியில் நின்றாள். பிறகுதான், “நீ கோயில்ல பேசினியே, சல்லேகனை பத்தி. அத எனக்குத் திரும்பச் சொல்லு” என்றாள்.

இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? தொடர்பு ஒன்றும் இல்லை, ஐயா. அவள் பேச்சு அப்படித் தாவும் என்பதற்காகச் சொன்னேன்.

சொல்லிக் கொடுத்தேன். மறுவாரமும் வந்தாள். தீர்மானித்துவிட்டேன் என்றாள்.

நான் உடனே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எண்ணாதீர்கள். அக்காள் என்பதற்காக நான் அளவுகோலை மாற்றவில்லை. மாசிலாமணி என்னிடம் கேட்டவற்றையெல்லாம், நீங்கள் இன்று கேட்டதையும், அவளிடம் நானே கேட்டேன். வெளியார் இங்கே இல்லை. ஆகவே அவர்கள் சார்பில் நான் கேட்கிறேன் என்றேன். இதைவிட நேர்மையாக ஒருவன் நடந்துகொள்ள முடியுமா? சொல்லுங்கள்.

முதல் வினா, ஏன் என்பது. “யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது தம்பி” என்றாள். அது தவறான விடை. பிழைகளிலேயே பெரிய பிழை. ‘அக்கா, இதைத்தான் அவர்கள் குற்றமாகச் சொல்கிறார்கள். பாரம் என்று எண்ணி ஏற்றால் அது சல்லேகனை ஆகாது’ என்று விளக்கினேன். “அப்ப என்னன்னு சொல்லணும்?” என்றாள். ‘உடம்பு அறத்துக்குத் துணைநிற்க இயலாத நிலையில், அதன்மேல் உள்ள பற்றை விடுகிறேன்’ என்றேன். ஒருமுறைதான் சொன்னேன். திருப்பிச் சொன்னாள். ஓர் எழுத்து பிசகவில்லை. அடுத்து, சாவை விரும்புகிறாயா என்று கேட்டேன். “வந்தா நல்லதுதான்” என்றாள். அதையும் திருத்தினேன். மாலைக்குள் எல்லா வினாக்களுக்கும் அவளிடம் விடை இருந்தது. எழுந்து போகும்போது, “நான் பாஸா வாத்தியாரே?” என்று சிரித்தாள். முழு மதிப்பெண் என்றேன். நானும் சிரித்தேன்.

நீங்கள் ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? தூசியா? கண்ணாடியை இழுத்துவிடுங்கள்.

எங்கள் பெண் துறவியரை மாதாஜி என்போம். அப்படி ஓர் அம்மையார் விளாங்குன்றத்துக்கு வந்தார். மிகுந்த கருணை உடையவர். நோன்பை எவருக்கும் எளிதில் கொடுப்பவர் அல்லர். இருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருவரை, ‘மகனோடு சமாதானம் ஆகிவிட்டு வா’ என்று அனுப்பினாராம். இதை உங்களைப் போன்றவர்கள் அறிய வேண்டும். அவர் ஊர்ச் சபை நடுவில் அக்காளை உட்கார வைத்துக் கேட்டார். அக்காள் தெளிவாகச் சொன்னாள். சபையே வியந்தது. மாதாஜி மட்டும் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, “வேறு காரணம் எதுவும் இல்லையே அம்மா? இருந்தால் இப்போதே சொல்லலாம். யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்” என்றார்.

அக்காள் என்னைப் பார்த்தாள்.

தேர்வில் பிள்ளைகள் அப்படிப் பார்ப்பார்கள். விடை தெரியும், சொல்லலாமா என்று ஒரு தயக்கம். நான் தலையசைத்தேன். “இல்லம்மா” என்றாள்.

அன்றிரவே சுனந்தா என் காலில் விழுந்தாள். “மாமா, அத்தைய நிறுத்துங்க. நான் அன்னிக்கு சமையக்கட்டுல அவர்கிட்ட சொன்னத அத்தை கேட்டுட்டாங்க மாமா. வேலைய விட்டா பசங்க ஃபீஸு எப்பிடி கட்டறதுன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. வேலைய நான் விட்டுடறேன், மாமா” என்று அழுதாள். எனக்கு மிகவும் இரக்கமாகப் போயிற்று. அவளைத் தேற்றினேன். ‘அம்மா, சபையில் அக்காள் சொன்ன காரணத்தை நீயும் கேட்டாய் அல்லவா? அதில் உன் பெயர் எங்கே வந்தது? இது அவளுடைய அறம் சார்ந்த முடிவு. உன்னை நீ வருத்திக்கொள்ளாதே’ என்றேன். கேட்டுக்கொண்டாள். இருந்தாலும் இன்றுவரை அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அதன்பின் திட உணவு நின்றது. பால் நின்றது. இப்போது காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும், காலையில் ஒரு வேளை. ஊர் ஊராக வந்து விழுந்து வணங்குகிறார்கள். என் பழைய மாணவர்கள் காரில் வருகிறார்கள். என்னிடமும் ஆசி கேட்கிறார்கள்.

போன வாரம் மாசிலாமணி விளாங்குன்றத்துக்கு வந்தார். நானே எதிர்பார்த்திருந்தேன். நாற்பதாண்டு விவாதத்தின் இறுதிச் சுற்று; வரட்டும், எதையும் மறைக்காமல் பேசுவோம் என்றிருந்தேன். நல்ல எதிர்வாதம் ஒன்றை அவர் கொண்டு வர வேண்டும் என்றுகூட, உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தேன். வாசலில் செருப்பை விட்டார். மற்றவர்களைப் போல வணங்கவும் இல்லை, வாதிடவும் இல்லை. அக்காளின் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அக்கா, பசிக்குதா?” என்றார்.

பாருங்கள், ஐயா! எத்தனை நூல் படித்தவர்! நோன்பில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வியா அது?

அக்காள் சிரித்துவிட்டாள். “இல்லாம இருக்குமா, மாசிலாமணி? தாகந்தான் ரொம்ப” என்றாள். அவர் அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் கண் மூடியிருந்தது. நான் அவரை மெல்ல வெளியே அழைத்து வந்தேன். நம் விவாத விதியை மீறிவிட்டீர்கள் என்றேன், கடுமையாகச் சொல்லவில்லை. அவர் வேப்பமரத்தடியில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“வாத்தியாரே, ஒரே ஒரு தடவ வேணாம்னு சொல்லு.”

“எந்த ஆதாரத்தில்?”

“ஒரு ஆதாரமும் வேணாய்யா. சும்மா சொல்லு. எங்கூட இரு அக்கான்னு சொல்லு.”

“காரணம் இல்லாமல் ஒரு பெரிய நோன்பைத் தடுப்பதா? அவள் எல்லா வினாவுக்கும் விடை சொன்னவள், மாசிலாமணி.”

“அது எவன் எழுதிக் குடுத்த விடைன்னு எனக்குத் தெரியாதா?” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வரவில்லை. நட்புக்குள் இப்படி ஒரு சொல்லா? கருத்து வேறு, மனிதர் வேறு என்று பிரித்துப் பார்க்க அவரால் இயலவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால், ஐயா, அன்றிலிருந்து எனக்கு ஒன்று நேர்ந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன். சுற்றிச் சுற்றி எங்கோ போய்விட்டேன். இன்று தண்ணீரையும் விடுகிறாள். இதுவரை திரும்பலாம். இன்றைக்குப் பிறகு, திரும்புகிறாயா என்று மாதாஜி கேட்க மாட்டார். எங்கள் ஊர் முறைப்படி, மகன் வீட்டார் சார்பில் ஒருவரும் பிறந்த வீட்டார் சார்பில் ஒருவரும் சபையில் எழுந்து, ‘சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் இந்த இறுதி நோன்பைக் கொடுக்க மாட்டார்கள். ஸ்ரீபாலனைக் கேட்டேன். “மாமா சொன்னா சரி” என்கிறான். மாதாஜி, “வாத்தியார் ஐயா இருக்கிறார்” என்கிறார். அக்காள், “அவன் சொல்லுவான்” என்கிறாள். ஆக, சொல்ல வேண்டியவன் நான்.

இரவு முழுதும் உட்கார்ந்து எதிர்வாதம் தேடினேன். நம்புவீர்களா? என் சமயத்துக்கு எதிராக நானே தேடினேன். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சிறு நூலில் விடை இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறேன், ஓட்டை இல்லை. மருத்துவம் இருக்கிறதே என்றால், பக்கம் புரட்டினால் விடை இருக்கிறது. குடும்பத்தார் வருந்துகிறார்களே என்றால் அதற்கும் இருக்கிறது. எந்தப் பக்கம் ஓடினாலும் முன்னால் நானே நிற்கிறேன்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் வெளியார். எங்களை அறியாதவர். மருந்து விற்பவர். நான் விடை எழுதாத ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். கடுமையாக இருந்தாலும் சரி. வசையாக இருந்தாலும் சரி.

என்ன? உரக்கச் சொல்லுங்கள், இந்த வண்டியின் இரைச்சலில் கேட்கவில்லை.

“அவங்க ஒங்க அக்கா, சார்.”

அது வாதமன்று, ஐயா. அது உறவு. அதை எப்படிச் சபையில் வைப்பது? எழுந்து நின்று, இவள் என் அக்காள் என்று சொன்னால், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இராது. இவ்வளவு பேசினேன்; உங்களிடமும் இதைத் தவிர ஒன்றும் இல்லையா?

வந்துவிட்டது. அதோ, பந்தல் தெரிகிறது. ஒலிபெருக்கியில் எங்கள் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதுகிறார்கள். நிறுத்தத்தில் என் மாணவர்கள் நிற்கிறார்கள், பாருங்கள், கைகூப்புகிறார்கள். சற்று வழி விடுங்கள்.

“வெளாங்குன்றம் எறங்கறவங்கல்லாம் வாங்க! பெரியவரே, நீங்க வெளாங்குன்றந்தானே? எறங்குங்க, எறங்குங்க, டைம் ஆவுது.”

ஆம். இதோ.

“என்னா பெரியவரே, கம்பியப் புடிச்சுக்கிட்டே நிக்கறீங்க? கால் வலியா? தம்பி, கொஞ்சம் கை குடுப்பா அவருக்கு.”

வேண்டாம், ஐயா. கையை விடுங்கள். கண்டக்டர், கல்லேரிக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள்.

“கல்லேரியா? அது கடைசி ஸ்டாப்பிங்காச்சே, ஒங்களுது இதுதான். அந்த ஆளுங்க ஒங்களத்தான் கூப்புடறாங்க.”

தெரியும். கல்லேரிக்குக் கொடுங்கள். விசில் ஊதுங்கள்.

உங்கள் பக்கத்தில் திரும்பவும் உட்காரலாமா? நன்றி. கையை ஆட்டுகிறார்கள், பின்னால் ஓடி வருகிறான் ஒருவன். நல்ல மாணவன் அவன். பார்க்காதீர்கள். கல்லேரியிலிருந்து திரும்புகிற வண்டி, விளக்கு வைத்த பிறகுதான். கதிர் மறைந்துவிட்டால் எங்களில் இறுதி நோன்பு கொடுப்பதில்லை. நாளைக்குத் தள்ளிவைப்பார்கள். நாளைக் காலையில் என்னைத் தேடி வருவார்கள். அப்போது என்ன சொல்வேன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் அதற்கு முன், விடிந்ததும், சுனந்தா ஒரு டம்ளரில் தண்ணீர் ஆற்றிக் கொண்டு வருவாள். அக்காள் குடிப்பாள்.